பூட்டிக் கிடந்த தியேட்டர்

நமது ஊர்ப் பழைய தியேட்டர் எங்கே இருந்தது என்று போன கிழமை வகுப்பில் கேட்டோம். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் தினமும் அதைக் கடந்துதான் பாடசாலைக்கு வருகிறார்கள். சீமெந்து மூட்டை அடுக்கியிருக்கும் அந்தக் கட்டடம்தான் என்றதும் சிரித்துவிட்டார்கள். அதை உடைக்கப் போவதாக இப்போது ஊரில் பேச்சு. அதனால்தான் வேறொரு ஊரின் கதையை இன்று எழுதுகிறோம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹார்விச் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே 'எலெக்ட்ரிக் பலஸ்' என்ற தியேட்டரைக் கட்டியவர் சார்லஸ் தர்ஸ்டன். ஊர் ஊராகப் போய் பயஸ்கோப் காட்டிப் பிழைத்தவர். (நமது மூத்தவாப்பாமாரும் படத்தைப் பயஸ்கோப் என்றுதானே சொன்னார்கள்!)

கூடாரத்தில் காட்டியவர்கள் கல்லால் கட்டத் தொடங்கியதற்கு ஒரு காரணம் தீ. அந்தக் காலத்துப் படச்சுருள் நைத்திரேற்று சேர்ந்தது. பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். ஆகவே 1909இல் பிரித்தானியாவில் ஒரு சட்டம் வந்தது. படம் காட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும், இயந்திரம் சனங்களிடமிருந்து பிரிந்து தீப்பிடிக்காத அறைக்குள் இருக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகுதான் படம் காட்டவென்றே கட்டிய மண்டபங்கள் அங்கே பெருகின.

ஹார்விச் தியேட்டரை வரைந்தவர் ஹரோல்ட் ஹூப்பர் என்ற இளம் கட்டடக் கலைஞர். 18 கிழமையில், 1,500 பவுண் செலவில் வேலை முடிந்து, 1911 நவம்பர் 29இல் திறந்தார்கள். 1953இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது அதுவும் வெள்ளத்தில் மாட்டியது. 1956இல் மூடிவிட்டார்கள். பிறகு 16 வருடம் பூட்டுத்தான். ஊராரே மறந்துபோனார்கள்.

1972இல் கோர்டன் மில்லர் என்பவர் தன் மாணவர்களோடு அந்த ஊரின் பழைய கட்டடங்களை ஆராய வந்தார். அப்போதுதான் இது கண்ணில் பட்டது. ஊமைப்படக் காலத்துத் திரை, படம் ஓட்டிய அறை, அலங்கார முகப்பு எல்லாம் அப்படியே இருந்தன. அதே வருடம் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பதிவானது. சனங்களின் வாழ்க்கையைச் சொல்லும் கட்டடம் என்பதே அதற்குச் சொன்ன காரணம். அந்தக் காரணம் நமக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. 1981இல், திறந்து சரியாக 70 வருடத்தில், மீண்டும் படம் ஓடியது. இன்றும் தொண்டர்களே பெரும்பாலும் நடத்துகிறார்கள்.

நமது தியேட்டரில் அப்படி அலங்கார முகப்பெல்லாம் கிடையாது. தகரக் கூரைதான். அதைக் காப்பாற்ற முடியுமோ தெரியாது. ஆனால் உடைப்பதற்கு முன் அளந்து, படம் எடுத்து, கேட்டு எழுதி வைக்கலாம் அல்லவா? அங்கே படம் பார்த்தவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள், போகவே கூடாது என்று பிள்ளைகளைத் தடுத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நமக்கு வேண்டும்.

வருகிற சனிக்கிழமை, இன்ஷா அல்லாஹ், தரம் 10 பிள்ளைகள் அளவு நாடாவும் கொப்பியுமாக வருவார்கள். கட்டட உரிமையாளர் சம்மதம் தந்துவிட்டார். டிக்கட் துண்டு, நோட்டீஸ், பழைய படம் ஏதும் வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். பார்த்து, பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். டிக்கட் கிழித்த காக்கா ஒருவர் இன்னும் நம்மோடு இருக்கிறார். முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகிறோம்.