நிரூபிக்க வேண்டியது யார்?

ரொம்ப வருஷத்துக்கு முன்னால், எங்கள் கிளைக்கு ஒரு பென்ஷன்காரர் வந்தார். நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "ஏடிஎம்மில் 10,000 ரூபாய் போயிருக்கு சார், நான் எடுக்கலை" என்றார். "எடுக்கலைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டது நான்தான். கேமரா பதிவு எங்கள் பக்கம். அவர் கையில் பாஸ்புக் மட்டும். செய்யாத ஒன்றை மனுஷன் எப்படிக் காட்டுவான்? அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

நான் காமர்ஸ் படித்தவன், வக்கீல் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வி துரத்திக்கொண்டே இருந்தது. இந்த மும்பையிலேயே அதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது.

1959 ஏப்ரல் 27. கடற்படை கமாண்டர் நானாவதியிடம் அவர் மனைவி, பிரேம் அஹுஜாவுடனான தொடர்பை ஒப்புக்கொள்கிறார். மனைவி, குழந்தைகளை மெட்ரோ தியேட்டரில் விட்டுவிட்டு மனுஷன் கப்பலுக்குப் போகிறார். ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்குகிறார். அஹுஜாவின் வீட்டுப் படுக்கையறையில் மூன்று குண்டுகள் வெடிக்கின்றன. "கைகலப்பில் தவறி வெடித்தது" என்பது நானாவதி தரப்பு.

1872 சாட்சியச் சட்டம், 101-வது பிரிவு: ஒன்றை உண்மை என்று சொல்லிக் கோர்ட்டுக்கு வருபவரே அதை நிரூபிக்க வேண்டும். ஆகவே கொலை என்று நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. ஆனால் 105-வது பிரிவு என்று ஒன்று உண்டு. 'விபத்து', 'திடீர் ஆத்திரம்' மாதிரி விதிவிலக்கு கேட்டால், அதைக் காட்ட வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர்.

ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றமில்லை என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி மேத்தாவுக்கு அது ஏற்கவில்லை, ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். அங்கே 1960-ல் அவர் தலையிலேயே ஒரு குட்டு! விபத்து என்று காட்டும் பொறுப்பு நானாவதியுடையது என்பதை ஜூரிகளுக்குச் சொல்லவில்லையாம். வேறு குறைகளும் இருந்தன. (இதுதான் இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு என்று பலர் சொல்வார்கள். அப்படியில்லை, பிறகும் சில இடங்களில் நடந்திருக்கிறது.)

1961 நவம்பர் 24-ல் சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ். அரசுத் தரப்பின் பொதுவான பொறுப்பு எந்தக் கட்டத்திலும் இடம் மாறாது என்றார். விதிவிலக்கை முழுசாக நிரூபிக்க முடியாமல் போனாலும், கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதிலேயே நியாயமான சந்தேகம் வந்துவிட்டால் விடுதலைதான். நானாவதிக்கு அதுவும் கிடைக்கவில்லை. குளித்துவிட்டு வந்த அஹுஜாவின் இடுப்புத் துண்டு அவிழவே இல்லை. கட்டிப் புரண்டிருந்தால் நின்றிருக்குமா? ஆத்திரம் என்றால், வீட்டை விட்டுக் கிளம்பியது 1.30 மணி, சுட்டது 4.20.

1964-ல் கவர்னர் மன்னிப்பில் வெளியே வந்தது தனிக்கதை. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். 101 என்பது 104 ஆனது, 105 என்பது 108 ஆனது. சரக்கு அதேதான்.

2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில், பொறுப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். கிளையில் அதைச் சத்தமாக வாசித்தவன் நான். அந்தப் பென்ஷன்காரர் அதற்கு முன்பே கணக்கை முடித்துக்கொண்டு, மகனோடு புனே போய்விட்டிருந்தார்.