செங்கல்பட்டு ஊசி

பழைய செங்கல்பட்டு மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மாமல்லபுரத்துச் சிற்பங்கள் நினைவுக்கு வரும். காசநோய் மருத்துவர்களுக்கோ ‘சிங்கில்பட் டிரையல்’தான்.

என் வயதுக்காரர்கள் பலருக்கு இருப்பது போல எனக்கும் இடது தோளில் ஒரு சிறு தழும்பு உண்டு. பி.சி.ஜி. ஊசி போட்ட இடம். அந்த ஊசி டி.பி.யை உண்மையிலேயே தடுக்கிறதா என்று பார்க்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968-ல் திருவள்ளூர்ப் பக்கம் ஆய்வைத் தொடங்கியது. (திருவள்ளூர் 1997 வரை நம் மாவட்டம்தானே!) கைக்குழந்தை முதல் கிழவர் வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். சிலருக்குத் தடுப்பு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத திரவம். யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கே தெரியாது. பிறகு வருடக்கணக்கில் ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள்.

1979-ல் வந்த முதல் அறிக்கை உலகையே திடுக்கிட வைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. பதினைந்து வருடக் கண்காணிப்பும் அதையே சொன்னது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று ஒளிக்காமல் எழுதினார்களே, அது எனக்குப் பெரிய விஷயம்.

அப்படியானால் பிறந்த குழந்தைக்கு இன்றும் ஏன் போடுகிறார்கள்? மூளையைத் தாக்கும் டி.பி.யிலிருந்து சிசுக்களை அது காக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குத் தவறாமல் போடுங்கள். நமக்குத் தழும்பு காவல் இல்லை. சர்க்கரை இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், உடல் மெலிவு என்றால் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுத்துப் பாருங்கள். சோதனையும் மாத்திரையும் இலவசம்.