நீரிழிவுக் குளிசையும் சேனக பிபிலேயும்

ஒருகொடவத்தையிலோ வெள்ளவத்தையிலோ நீரிழிவுக் குளிசை புகாத வீடு இன்று அரிது. அக்குளிசைக்கு இலங்கையில் ஓர் அரசியல் வரலாறு உண்டென்பதை நம்மவரிற் பலர் அறியார்.

இரண்டாம் வகை நீரிழிவுக்கான டொல்பியூட்டமைட், குளோர்ப்ரோபமைட் ஆகியன 1950களில் சந்தைக்கு வந்தன. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை இவை. ஊசிக்கு அஞ்சியோருக்கு வரப்பிரசாதம். விலையோ கம்பனிகள் வைத்ததே.

1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தபோது அதன் தலைவரானவர் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. வணிகப் பெயரை ஒதுக்கி, மூலப்பெயரைச் சொல்லி உலகெங்கும் விலை கேட்கச் செய்தார். விளைவைப் பாருங்கள்: 1972இல் மேற்கு ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனத்திடமிருந்து கிலோ 40 டொலருக்கு மேல் இறக்குமதியான டொல்பியூட்டமைட் மூலப்பொருள், மறு ஆண்டு போலந்திலிருந்து 3 டொலருக்கும் குறைவாக வந்திறங்கியது!

மலிவு மருந்து தரமற்றது என்ற பிரசாரம் கிளம்பியது. (மருந்து ஒன்றே, உறைதான் வேறு என்பதை நோயாளிக்கு யார் சொல்வது?) 1977இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் டொல்பியூட்டமைட்டும் இருந்தது.

இன்று அவ்விடத்தில் மெட்போர்மின். இரத்மலானையிலுள்ள அரச தொழிற்சாலையும் அதனைத் தயாரிக்கிறது. ஒசுசலவில் மூலப்பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கலாம்.