உலக யானைகள் தினம்

உலக யானைகள் தினம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. கனடாவைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர் பாட்ரிசியா சிம்ஸும், தாய்லாந்தில் யானைகளை மீண்டும் காட்டில் விடும் பணியைச் செய்துவரும் அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்து 2012இல் இதைத் தொடங்கினர். வளர்ப்பு யானைகள் காட்டுக்குத் திரும்புவதைச் சொல்லும் ‘ரிட்டர்ன் டு தி ஃபாரஸ்ட்’ என்ற குறும்படம் அந்த முதல் ஆண்டிலேயே வெளியானது. இந்தியாவில் வனத்துறையும் உயிரியல் பூங்காக்களும் பள்ளிகளும் ஓவியப் போட்டி, வினாடி வினா, பேரணி என்று இந்த நாளைக் கொண்டாடுகின்றன. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கே இந்த நாள் அதிகம் பழக்கமானது.

தொடக்கம் தாய்லாந்தில் அமைந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே 1989இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது தடைசெய்யப்பட்டது. காட்டைக் காப்பாற்றிய அந்த ஆணையால், மரம் இழுத்துப் பிழைத்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் வேலை போனது. யானையோடு பாங்காக் தெருக்களுக்கு வந்து, சுற்றுலாப் பயணிகளிடம் வாழைப்பழமும் கரும்பும் விற்று நாளை ஓட்டினார்கள் பலர். அந்நாட்டுக்கு மார்ச் 13 அன்று தனியாக ஒரு தேசிய யானை நாளும் இருக்கிறது.

ஆசிய யானை 13 நாடுகளில் காட்டில் வாழ்கிறது. அதில் பாதிக்கு மேல் இந்தியாவில். 1992இல் மத்திய அரசு ‘யானைகள் திட்ட’த்தைத் தொடங்கியது. 2010இல் யானை தேசியப் பாரம்பரிய விலங்காக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் நீலகிரி, ஆனைமலை, அகத்தியமலை உட்பட ஐந்து யானைகள் காப்பகங்கள் உள்ளன.

பிள்ளைகளுக்குச் சொல்லப்படுபவை

தும்பிக்கையில் எலும்பே இல்லை என்பதில்தான் பெரும்பாலான வகுப்புகள் தொடங்கும். யானை தும்பிக்கையால் குடிப்பதில்லை. உறிஞ்சிய நீரை வாய்க்குள் பீச்சிக்கொள்கிறது. ஆசிய யானையின் தும்பிக்கை நுனியில் விரல் போன்ற ஒரு முனை, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. கூட்டத்தை நடத்திச் செல்வது மூத்த பெண் யானை. கன்று பிறந்து சில மாதங்கள் வரை தன் தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் மிதித்துக்கொண்டும் சுழற்றிக்கொண்டும் திரியும். பாலைக்கூட வாயால்தான் குடிக்கும்.

ஆனால் யானையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க லத்தியைவிட நல்ல பாடம் கிடையாது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், சிரித்தபடியே கற்பார்கள். யானை நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்கிறது, அதில் பாதிகூடச் சரியாகச் செரிப்பதில்லை. ஒரு லத்தி உருண்டையைக் குச்சியால் உடைத்துப் பார்த்தால் மூங்கில் நாரும் புல்லும் மரப்பட்டைத் துணுக்கும் முழுதாகக் கிடக்கும். இடையிடையே உடையாத விதைகள். யானை பல கிலோமீட்டர் நடப்பதால் அந்த விதைகள் தாய்மரத்திலிருந்து வெகுதூரம் போய், எருவோடு சேர்ந்தே மண்ணில் விழுகின்றன. அடியில் வண்டுகள் குடியிருக்கும். குட்டி யானைகள் பெரிய யானைகளின் லத்தியைத் தின்று, செரிமானத்துக்கு வேண்டிய நுண்ணுயிர்களைப் பெறுகின்றன. இலங்கையில் இதே லத்தியிலிருந்து காகிதம் செய்கிறார்கள். 2025இல் வெளியான இந்தியக் கணக்கெடுப்பும் லத்தியை நம்பியே நடந்தது: சேகரித்த மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்து, நாட்டில் 22,446 காட்டு யானைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். முறையே வேறு என்பதால், 2017இல் சொல்லப்பட்ட 27,312 என்ற எண்ணோடு இதை ஒப்பிட்டு ‘குறைந்துவிட்டது’ என்று சொல்ல முடியாது.

முகாமும் காடும்

தமிழ்ப் பிள்ளைகளில் பலர் யானையை முதலில் பார்ப்பது கோயிலில். அடுத்து முதுமலை தெப்பக்காடு முகாமில். அங்கே உணவு நேரத்தில் கேழ்வரகு, கொள்ளு, வெல்லம், உப்பு சேர்த்துக் கவளம் உருட்டுகிறார்கள். யானை தும்பிக்கையைத் தூக்கி வாயைத் திறக்க, பாகன் கையை உள்ளே விட்டுக் கவளத்தை வைக்கிறார். பாகன்களும் அவர்களுக்கு உதவியாக இருக்கும் காவடிகளும் பெரும்பாலும் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் சமூகத்தினர். அங்கு ரகு, அம்மு என்ற தாயற்ற கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற பிறகு முகாமுக்குக் கூட்டம் கூடியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கவளத்துக்கு வாய் திறக்கும் யானையைப் பார்த்த பிள்ளைக்கு, சாலையோரம் நிற்கும் யானையும் அப்படித்தான் தெரியும். காட்டு யானைக்கு மனிதர் கொடுக்கக்கூடியது தள்ளி நிற்பது ஒன்றுதான், பழம் அல்ல. சத்தியமங்கலம் காட்டில், ஆசனூரை அடுத்த காரப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் யானைகள் கரும்பு லாரிகளுக்காகவே காத்து நிற்கின்றன. லாரியிலிருந்து விழுந்ததையும், ஓட்டுநர்கள் இரக்கப்பட்டு வீசியதையும் தின்று பழகியதன் விளைவு இது. 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் கருவுற்ற யானை ஒன்று இறந்தது. அதன் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவு இருந்தது. சிற்றுண்டிப் பொட்டலத்தைப் பிரித்து எறியும் வயதுப் பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டியதில்லை.

வால்பாறையில் பாடம் வேறு வகை. தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே துண்டு துண்டாகக் காடு நிற்கும் அந்த மேட்டுநிலத்தில் யானைகள் ஊருக்குள் நடந்துதான் அடுத்த காட்டுக்குப் போக முடியும். அங்கே யானை தாக்கி உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் யானை நிற்பது தெரியாமல் எதிரே போனவர்கள். அதனால் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் யானை இருக்கும் இடத்தை உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் குறுஞ்செய்தியிலும் அறிவிக்கத் தொடங்கினர். உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகளையும் பொருத்தினர். அருகில் யானை வந்தால் ஊர்க்காரரே கைபேசியில் அழைத்து விளக்கை எரியவிடலாம். எரிந்தால் அந்த வழியே போகக்கூடாது என்பது எழுதப்படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரியும்.

அனாதைக் கன்றுகள்

பிள்ளைகளை ஈர்க்கும் இன்னொரு இடம் கன்றுகள் காப்பகம். இலங்கையில் இரண்டு உண்டு, இரண்டும் ஒன்றல்ல. 1975இல் தொடங்கிய பின்னவல காப்பகத்தில் யானைகள் அங்கேயே வளர்ந்து, 1984 முதல் அங்கேயே ஈன்றும் வருகின்றன. அவை ஆற்றுக்குக் குளிக்கப் போவதைப் பார்க்கவே கூட்டம் சேரும். 1995இல் உடவளவையில் வனசீவராசிகள் திணைக்களம் அமைத்த இடைத்தங்கல் இல்லத்தில் கன்றுகளுக்குச் சில மணிக்கொருமுறை பால் புகட்டுகிறார்கள். பார்வையாளர்கள் தள்ளியிருக்கும் மேடையிலிருந்துதான் பார்க்கலாம். தொடவோ ஊட்டவோ முடியாது. வளர்ந்த கன்றுகள் கூட்டமாகத் தேசியப் பூங்காவுக்குள் விடப்படுகின்றன. பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியருக்கு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமென்றால், கொஞ்சம் ஏமாற்றம் தரும் உடவளவையே மேல்.