பல்லை எண்ணிப் பார்: ஊட்டி ரயிலும் ஒரு பொம்மை வண்டியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சஞ்சய் வனத்துப் பாறை ஒன்றில் பாதி ஏறும்போது என் மகனின் ரிமோட் வண்டி புகை விட்டு நின்றது. டெல்லிக்கு வந்து பல வருஷமாகியும், ஆரவல்லியின் வால் நம் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் கிடக்கிறது என்பதே இந்த வண்டி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இதை ராக் கிராலர் என்கிறார்கள். வேகமாக ஓடுவதற்கான வண்டி இல்லை. பாறை மேல் பல்லி மாதிரி மெல்ல ஊர்ந்து ஏற வேண்டும், அவ்வளவுதான். பையனுக்கோ அந்த மெதுவான நடை பிடிக்கவில்லை. மோட்டாரோடு வந்த 15 பல் பினியனைக் கழற்றிவிட்டு 21 பல் பினியனை மாட்டிவிட்டான். பார்க்கில் நன்றாகத்தான் ஓடியது. பாறையில் ஏற்றியதும் மோட்டார் போயே போச்சு.

கணக்கு சுலபம். பினியன் சுற்றுவது 87 பல் உள்ள பெரிய சக்கரத்தை. 87ஐ 15ஆல் வகுத்தால் 5.8. பெட்டிக்குள் இன்னொரு 2.6 மடங்கு, அச்சில் 2.92 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 44 வருகிறது. அதாவது மோட்டார் 44 முறை சுற்றினால் டயர் ஒரு முறை சுற்றும். 21 பல் போட்டால் இது 31 ஆகிவிடுகிறது. வேகம் கூடும், இழுக்கும் சக்தி குறையும். பாறையில் டயர் நகராமல் நிற்கும்போது மோட்டாருக்குள் போகும் மின்சாரமெல்லாம் சூடாகத்தான் மாறும். புகையின் காரணம் அதுதான்.

அன்று இரவு ஊருக்குப் போன் பண்ணியபோது பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் மேட்டுப்பாளையம் - ஊட்டி ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் ஆள் பிரேக்கோடு நிற்பார். பெரியப்பா சிரித்துவிட்டுச் சொன்னார்: "வேகமாப் போகோணும்னா பஸ்ஸுல போகச் சொல்லு கண்ணு. மலை ஏறோணும்னா பல்லை எண்ணிப் பாக்கோணும்."

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் படித்தேன். பையனுக்காகத்தான் ஆரம்பித்தேன், கடைசியில் எனக்காக ஆகிவிட்டது.

மலைக்கு ரயில் விட வேண்டும் என்றால் இந்தியாவில் மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறார்கள். முதலாவது, பாதையை நீட்டி ஏற்றத்தைக் குறைப்பது. நம் டெல்லிவாசிகள் அடிக்கடி போகும் கல்கா - சிம்லா பாதை இந்த வகை. 1903இல் திறந்தது. சுமார் 1,400 மீட்டர் உயரம் ஏற 96 கிலோமீட்டர் சுற்றுகிறது. 33 அடி போனால் ஓர் அடி ஏற்றம், அதற்கு மேல் இல்லை.

இரண்டாவது டார்ஜிலிங், 1881. வளைந்து தன் தலைக்கு மேலேயே ஏறும் சுற்றுகள், முன்னும் பின்னுமாகப் போகும் இசட் திருப்பங்கள், சின்னச் சக்கரம். வழுக்கினால் எஞ்சினின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். கிராலர்காரர்கள் மிருதுவான ரப்பர் டயர் போட்டு, சக்கரத்துக்குள் ஈயம் வைத்துப் பிடிமானம் தேடுகிறார்களே, அதே யோசனைதான்.

நீலகிரிக்கு இந்த இரண்டுமே சரிப்படவில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,300 மீட்டர் ஏறியாக வேண்டும். ஏற்றம் 12.28க்கு 1. இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு தோராயக் கணக்கு போட்டேன். எஞ்சினும் பெட்டிகளுமாக 100 டன் என்று வையுங்கள். இந்த ஏற்றத்தில் அது பின்னால் உருளாமல் நிற்கவே 8 டன் விசை வேண்டும். ஓட்டும் சக்கரங்கள் மேல் 40 டன் எடை இருந்தால், காய்ந்த தண்டவாளத்தில் அதில் கால் பங்கு, அதாவது 10 டன் பிடி கிடைக்கும். மழை பெய்தால் அதுவும் பாதியாகிவிடும். நீலகிரியில் மழை பெய்யாத மாதம் எது? ஆக, பல் வேண்டும்.

ஆனால் எந்தப் பல்? மலைக்கு ரயில் விடும் பேச்சு 1854இலேயே தொடங்கிவிட்டது. 1882இல் ரிக்கன்பாக் என்ற சுவிட்சர்லாந்து பொறியாளர் ஒரு மதிப்பீடு தந்தார். 1871இல் ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் விட்டவர் இவர்தான். இவருடைய முறையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் ஓர் இரும்பு ஏணி படுத்திருக்கும். ஏணிப் படிகளில் எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறும்.

கடைசியில் நீலகிரிக்கு வந்தது அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் என்பவரின் முறை. ஏணிக்குப் பதில் பல் வெட்டிய இரண்டு பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். ஒரு பல் விடும்போது இன்னொன்று பிடித்துக்கொண்டிருக்கும். குலுக்கல் குறைவு, பிடி விடுவதே இல்லை. கேட்க எளிது. ஆனால் இறங்கும் ரயிலில் இருப்பவரின் உயிர் அந்த அரைப் பல் இடைவெளியில்தான் இருக்கிறது.

வேலை சுலபமாக நடக்கவில்லை. 1891இல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். 1894இல் கம்பெனி திவாலானது. புதுக் கம்பெனி ஒன்று எடுத்து நடத்தி, 1899இல் குன்னூர் வரை திறந்தார்கள். ஊட்டிக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 1908இல்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஓடும் சக்கரத்தையும் பல்சக்கரத்தையும் ஒரே அச்சில் கட்டிவிட்டால் என்ன? ஆகாது. ஓடும் சக்கரம் தேயும், அதன் சுற்றளவு குறையும். பல்சக்கரமோ பட்டையில் பல்லுக்குப் பல் நகர்ந்தே ஆக வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சண்டை போடும். அதனால் இரண்டுக்கும் தனித்தனி சிலிண்டர் வைத்தார்கள்.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1914 முதல் செய்த எக்ஸ் வகை எஞ்சின்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. நீராவி முதலில் கீழ் சிலிண்டர்களில் அழுத்தத்தோடு நுழைந்து ஓடும் சக்கரங்களைத் தள்ளும். அங்கே வேலை முடிந்து வெளியே வரும் நீராவியை வீணாக்காமல், பல் இருக்கும் பாதையில் மேல் சிலிண்டர்களுக்கு அனுப்புவார்கள். மேல் சிலிண்டர் வேகமாகச் சுழலும், நடுவில் இருக்கும் கியர் அந்த வேகத்தைக் குறைத்து, விசையைக் கூட்டிப் பல்சக்கரத்துக்குத் தரும். நடுவில் கியர் இருப்பதால் மேலே சுழல்வது கீழே சுழல்வதற்கு எதிர்த்திசையில் போகும். சின்ன வயதில் கல்லாறில் நின்று, "எஞ்சினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது" என்று நாங்கள் கத்தியது இதைப் பார்த்துத்தான் :-)

விலை என்ன? வேகம். பல் பாதையில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் ஆகிவிடும். பஸ் முன்னாலேயே போய்விடும், பெரியப்பா சொன்னது நிஜம்தான். ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் அந்த மழையிலும் பனியிலும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2011இலிருந்து திருச்சி பொன்மலை பணிமனையில் புது எக்ஸ் எஞ்சின்களே செய்திருக்கிறார்கள். சுவிஸ்காரர் வெட்டிய பல்லை நம்மூர்க்காரர் வெட்டுகிறார் என்று படித்தபோது, டெல்லியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஏன் கண் கலங்க வேண்டும்? தெரியவில்லை.

சரி, வண்டி விஷயத்துக்கு வருவோம். செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் அலைந்து ஒரு மோட்டார் வாங்கினோம். இந்த முறை பையனையே கணக்கு போடச் சொன்னேன். 12 பல் பினியன். மொத்தம் 55க்கு 1. மோட்டார் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றினால், டயர் 182 சுற்று. நம் டயருக்கு அது மணிக்கு 4 கிலோமீட்டருக்கும் கம்மி, தாத்தா நடக்கும் வேகம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: டயரைப் பெரிதாக்கினால் பினியனில் ஒன்றிரண்டு பல் குறையுங்கள். ஐந்து நிமிடம் ஏற்றிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாவிட்டால் இன்னும் பல் குறைக்க வேண்டும்.

நேற்று அதே பாறைக்குப் போனோம். வண்டி நின்று, யோசித்து, ஒரு டயரைத் தூக்கி வைத்து, மறுபடி நின்று, ஏறிவிட்டது. பையன் கத்தவில்லை. மேலே போனதும் திரும்பி, "அப்பா, அந்த ரயிலில் நான் எப்போது ஏறுவேன்?" என்று தமிழில் கேட்டான். வழக்கமாக இந்தியில்தான் கேட்பான்.

மே மாதத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. பெரியப்பா மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எண்பது வயதுக்காரர், மெதுவாகத்தான் வருவார். வரட்டும், நாங்கள் காத்திருப்போம்.