இறங்காது எழுந்த விமானம்



வன்னிநாட்டில் வாழும் எமக்குக் கார்த்திகையும் மார்கழியும் ஆவலும் அச்சமும் கலந்த மாதங்களாகும். குளங்கள் நிரம்ப வேண்டுமே என்பது ஆவல். வங்காள விரிகுடாவிற் கருக்கொள்ளும் தாழமுக்கம் சூறாவளியாகி வந்துவிடுமோ என்பது அச்சம். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் அத்தகைய தாழமுக்கம் ஒன்று எமது கிழக்குக் கரையை ஒட்டி வடக்கு நோக்கி நகர்ந்தது. வன்னியின் வயல்கள் பல வெள்ளத்துள் ஆழ்ந்தன. பின்னர் அதுவே 'பெங்கல்' என்னும் சூறாவளியாகி, நவம்பர் 30ஆந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகிற் கரையேறியது.

அன்று பகல் மும்பையிலிருந்து சென்னைக்கு வந்த பயணிகள் விமானமொன்று கொட்டும் மழையில் ஓடுபாதையை நெருங்கியது. நிலத்தைத் தொடும் தறுவாயில் பக்கக் காற்றினால் அது ஒருபுறம் சாய்ந்தாடியது. விமானி தரையிறங்கும் எண்ணத்தைக் கைவிட்டார். இயந்திரங்களின் விசையைக் கூட்டினார். விமானம் மீண்டும் மேலெழுந்து சென்றது. அக்காட்சியின் படம் உலகெங்கும் பரவியது. அதனைக் கண்ட மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, அந்த விமானி பயந்துவிட்டாரா?" என்று வினவினான்.

சிறு பிள்ளையின் வினாவெனினும் இது சிந்திக்கத்தக்கது. இதற்கு விடையைச் சரித்திரத்திலே தேடுவோம்.

1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் தேதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் தொடங்கியது. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டக்கோட்டா விமானம் பலாலியில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது. அது மாரிகாலம் என்பதை நினைவிற் கொள்க. அக்காலத்து விமானிக்கு உதவியாக இருந்தவை சில கருவிகளும், வானொலித் தொடர்பும், தம் இரு கண்களுமே. முன்னாலுள்ள முகிற் கூட்டத்தினுள்ளே என்ன இருக்கிறதென்று காட்டும் ராடார் அவரிடம் இருக்கவில்லை. அறிவு எட்டாத இடத்தில் மனிதன் துணிவையே நம்பவேண்டியிருந்தது.

அறிவு வந்து சேராதபோது துணிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் தேதி வீசிய சூறாவளி காட்டியது. கிழக்குக் கரையில் ஏறி, வவுனியாப் பகுதியைக் கடந்து, மேற்கே கடலில் இறங்கிய அப்புயல், அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த புகைவண்டி, கைகாட்டியின் சமிக்ஞை கிடைக்காமல் இருளில் நின்றதென்றும், சாரதி நீண்ட ஊதல் ஒலித்துவிட்டு வண்டியை முன்னே செலுத்தினார் என்றும் கூறுவர். கடல் அவ்வண்டியை விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை. அச்சாரதியைக் குறை கூறுவது நியாயமன்று. முன்னால் இருப்பது யாதென அவருக்குச் சொல்வார் எவருமில்லை.

ஆகாயத்திலும் இவ்வாறே பல உயிர்களைக் கொடுத்தே உலகம் பாடம் கற்றது. 1975ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் தேதி நியூயோர்க் நகரில் இடிமழை பெய்துகொண்டிருந்தது. முன்னே இறங்கிய விமானி ஒருவர் காற்றின் கொடுமையைக் கூறி, வேறு ஓடுபாதைக்கு மாறுமாறு எச்சரித்தார். அவருக்குப் பின் வந்தவர் இறங்காமல் மேலெழுந்து தப்பினார். ஆயினும் ஓடுபாதை மாற்றப்படவில்லை. சில நிமிடங்களின் பின் வந்த விமானம் ஓடுபாதையை எட்டுமுன்னரே வீழ்ந்தது. 113 பேர் மாண்டனர்.

சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தெத்சுயா புஜித்தா இதன் காரணத்தை ஆராய்ந்தார். இடிமுகிலிலிருந்து குளிர்ந்த காற்று நிலத்தை நோக்கிப் பாய்ந்து, குடத்து நீரைத் தரையிற் கவிழ்த்தாற்போல நாற்றிசையும் சிதறுகின்றது. அதனுள் நுழையும் விமானத்தை முதலில் எதிர்க்காற்று தாங்கி உயர்த்தும். விமானி விசையைக் குறைப்பார். அடுத்த கணம் கீழ்நோக்கிய காற்று அழுத்தும். அதன் பின் பின்புறக் காற்று வந்து வேகத்தைப் பறிக்கும். நிலமோ அண்மையில் இருக்கும். 1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் டலஸ் நகரில் இதே வகையான காற்று மேலும் 137 உயிர்களைக் கவர்ந்தது. அதன் பின்னரே காற்று மாற்றத்தை எச்சரிக்கும் கருவிகளும், அதற்கான பயிற்சியும் பரவலாயின.

எமது நாடும் இத்தகைய துயரத்துக்குத் தப்பவில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 15ஆந் தேதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகருடன் ஜெத்தாவிலிருந்து வந்த ஐஸ்லாந்து விமானம், கட்டுநாயக்கா ஓடுபாதையை அடையுமுன் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 262 பேரில் 183 பேர் உயிர் நீத்தனர். விமானிகள் உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் உரியவாறு கவனித்து ஒருவருக்கொருவர் அறிவிக்கவில்லை என்று இலங்கை விசாரணை கண்டது. ஐஸ்லாந்துத் தரப்பினரோ விமான நிலையத்தின் வழிகாட்டுக் கருவிகளிற் குறை கண்டனர். வழக்கு எவ்வாறாயினும் பாடம் ஒன்றே: இருளில் வெளியே நோக்கும் கண்ணினும் உயரமானியின் எண்ணே மெய் கூறும், அவ்வெண்ணை உரத்துச் சொல்லத் தோழர் ஒருவர் வேண்டும்.

இப்பாடங்களிலிருந்து ஒரு விதி உருவாயிற்று. முகிலும் மழையும் சூழ்ந்த வேளையில், நிலத்திலிருந்து 1,000 அடி உயரத்தை அடையுமுன் விமானத்தின் வேகமும் திசையும் இறங்கும் சரிவும் சீராக அமைந்திருத்தல் வேண்டும். இல்லையேல் இறங்கலாகாது, மேலெழல் வேண்டும். சீராக வந்த விமானமும் ஓடுபாதையின் மேல் நிலைகுலையுமாயின் அதற்கும் இதுவே விதி. இதற்காகவே மாற்று நிலையம் ஒன்றுக்குச் செல்ல வேண்டிய எரிபொருளும், அதற்கு மேல் 30 நிமிடம் பறப்பதற்கான எரிபொருளும் முன்கூட்டியே நிரப்பப்படுகின்றன. திரும்பிச் செல்லும் உரிமை, புறப்படும்போதே விமானியின் கையிற் கொடுக்கப்படுகின்றது.

எனவே 2024இல் சென்னையில் மேலெழுந்த விமானி தனியொருவராக அம்முடிவைச் செய்யவில்லை. நியூயோர்க்கிலும் டலஸிலும் கட்டுநாயக்காவிலும் மாண்டவர்கள் கற்பித்த பாடம் அவருடன் இருந்தது. அன்றே அந்நிலையத்தின் பணிகள் நிறுத்தப்பட்டு, மறுநாள் அதிகாலையிலேயே மீண்டும் தொடங்கின.

மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "தம்பி, இரணைமடுக் குளம் நிரம்பி வரும்போது வான்கதவுகளைத் திறக்கிறார்களே, அவர்களை நாம் பயந்தவர்கள் என்கிறோமா? அரும்பாடுபட்டுச் சேர்த்த நீர் கடலுக்குப் போகிறதே என்று மனம் நோகும். ஆனால் அணைக்கட்டு நிலைத்தாலன்றோ அடுத்த போகம் உண்டு?"

விமானம் தாமதித்தால் நாம் முணுமுணுக்கிறோம். இனி அவ்வாறு முணுமுணுக்குமுன், சமிக்ஞைக்காக இருளிற் காத்துநின்ற அந்தத் தனுஷ்கோடி வண்டியை ஒருகணம் நினைப்போமாக.