முழங்கால் மாற்று அறுவைக்குப் பிந்தைய இயன்முறைச் சிகிச்சை

செயற்கை மூட்டு பொருத்திய காலை மடக்கவும் நீட்டவும் நடக்கவும் பழக்கும் சிகிச்சை. பிசியோதெரபி என்றால் எல்லோருக்கும் புரியும். பெரும்பாலும் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளி வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கிறார்.

முதல் பாடம் படுக்கையிலேயே தொடங்கும். பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் கெண்டைக்கால் தசை இறுகித் தளரும். ரத்தம் தேங்கி உறையும் ஆபத்து குறையும். பிறகு குதிகாலை மெத்தையில் தேய்த்தபடி இழுத்து முழங்காலை மடக்குவது. மடங்கினால் போதாது, முழுதாக நீளவும் வேண்டும். இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது வீடுகளில் நடக்கும் தவறு. மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும்.

மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே.

கனடா மருத்துவர் ராபர்ட் சால்ட்டரின் கருத்தில் பிறந்த, காலைத் தானே மடக்கி நீட்டும் இயந்திரத்துக்கு ஒருகாலத்தில் மவுசு இருந்தது. இன்று அது வழக்கமான சிகிச்சையில் இல்லை.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.